இந்த வாரமும் உனக்கு மீன் சந்து

அக்கா,

இந்த வாரம் உனக்கு மீன் சந்து விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. பத்துப் பெயர், பத்துத் தெரு. ஏழாவது வரியில் உன் பெயர், அதற்கு எதிரே மீன் சந்து. நீ போய் நாலு மாதம் ஆகிறது. வாரா வாரம் தானாக ஓடி, யார் எந்தத் தெருவைக் கூட்டுவது என்று பிரித்து அனுப்பும் என் புரோகிராமுக்கு இந்தச் சேதி தெரியாது. அதற்குச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை.

எரிச்சலாக வருகிறது அக்கா. யார்மேல் என்று கேட்காதே, எல்லார்மேலும்தான். உன்மேல் கொஞ்சம் அதிகம். மேஜையில் ஒரு ஃபாரம் கிடக்கிறது. வேலையில் இருக்கும்போதே இறந்துபோன கார்ப்பரேஷன் தொழிலாளியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்த வேலையைக் கேட்கும் ஃபாரம். நாளை வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மா ஒரு வாரமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். சாயா கொண்டுவந்து வைக்கும்போது கிளாசைச் சரியாக ஃபாரத்தின் பக்கத்தில் வைக்கிறாள்.

"கவர்மென்ட் ஜோலிடீ. எத்தன பேரு இதுக்குத் தவம் கெடக்கான் தெரியுமா? நீ ரெண்டு வருஷமா அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியத் தட்டிக்கிட்டே இருக்கே, என்ன கிட்டிச்சு?"

ஒன்றும் கிட்டவில்லை.

அப்பா போனபோது இதே ஃபாரம் உன் முன்னால் வந்தது. நீ அப்போது டிகிரி இரண்டாம் வருஷம். நான் எட்டாம் கிளாஸ். நீ கையெழுத்துப் போட்டாய். தெரு கூட்டுகிறவர்கள் போடும் பச்சைக் கோட்டு மட்டும் உனக்குப் பெரிதாக இருந்தது, கையை மடித்துத் தைத்துக்கொண்டாய். முதல் நாள் போட் ஜெட்டிப் பக்கம் கூட்டிவிட்டு வந்து, தலை குளித்து, துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "இது என்னோட நிக்கணும். நீ இந்தத் தொடப்பத்தத் தொட்டே, கைய ஒடிச்சுருவேன்." அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதையே சொன்னாய். நானும் நம்பினேன். என்னை பி.காம் முடிக்க வைத்தாய். ஜவுளிக் கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு புரோகிராமிங் படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா கத்தினாள். நீ ஒரு பழைய லேப்டாப்போடு வந்தாய். அதற்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் உயிர் போய்விடும்.

அந்த லேப்டாப்பின் முன்னால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். யூடியூபில் ஒரு வீடியோ தமிழில், அடுத்தது மலையாளத்தில், அதற்கடுத்தது வடக்கத்தி ஆள் பேசும் இங்கிலீஷில். அவர்கள் எழுதினால் ஓடும், அதையே நான் எழுதினால் சிவப்பு எழுத்தில் பத்து வரி திட்டு வரும். கரன்ட் போனால் எழுதியதும் போகும். நீ இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாய், "ஓடுச்சா?" ஓடவில்லை என்றால், "சாரமில்லடீ, போனாப் போவுது, நாளைக்கு ஓடும். ஓடாம எங்க போயிரும்?" என்பாய்.

வேலைக்கு எழுதிப் போட்டதெல்லாம் கல் கிணற்றில் விழுந்த மாதிரி. பதில் வந்தால் அதைவிட மோசம். புதியவர்களுக்கான வேலை என்று போட்டிருப்பார்கள், கீழே இரண்டு வருஷ அனுபவம் வேண்டும் என்பார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியில் ஒருவன் என் பயோடேட்டா பேப்பரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "சொந்தமாகவே படித்தீர்களா?" என்று கேட்டான். ஏதோ சொந்தமாகவே பல் பிடுங்கிக்கொண்டேன் என்று சொன்னதுபோலப் பார்த்தான். இன்னொருவன், இப்போது கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதுகிறதே, நீங்கள் எதற்கு என்றான். அவன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நீதான் என்னை இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணினாய். நான் இங்கிலீஷ் கேள்விகளை எழுதித் தருவேன், நீ பச்சைக் கோட்டோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதிகாரி மாதிரி வாசிப்பாய். என் பதிலில் வரும் கம்ப்யூட்டர்ச் சொல் ஒன்றுகூட உனக்குப் புரியாது. ஆனாலும் நான் பொய்யாக அளக்கத் தொடங்கிய இடத்தில் கையை நீட்டி நிறுத்துவாய். நம் ஊரில் அளப்பதற்குத் தள்ளுவது என்றுதானே பெயர்.

"தள்ளாதடீ."

"உனக்கு என்ன புரிஞ்சுது, தள்ளுறேன்னு சொல்றதுக்கு?"

"பாஷை புரியல. உன் குரலு புரியுது. தள்ளும்போது மூக்கால பேசுறே."

உண்மைதான். வீடியோவைப் பார்த்து அப்படியே காப்பியடித்த ஒரு ஆன்லைன் கடையை நானே உருவாக்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எல்லாரும் அதே கடையைத்தான் காட்டுகிறார்கள்.

நிஜமாக நான் எழுதியது ஒன்றே ஒன்று. அதைக் கேட்டவள் நீ. கூட்டப் போகும் முன் நீங்கள் கூடும் ஷெட்டில் திங்கட்கிழமை தோறும் சண்டை. மீன் சந்து யாருக்கு என்று. செதிலும் ஐஸ் தண்ணீரும் அடைத்த ஓடையும் எலியும், யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு நாள் தொண்டை கட்டிப்போய் வந்து சொன்னாய்: "நீ படிக்கிற அந்தக் கம்ப்யூட்டர்க் குந்திராண்டத்த வெச்சு இந்தச் சண்டைய நிறுத்த முடியுமா? முடிஞ்சா சொல்லு, இல்லேன்னா மூடி வெய்யி." வீம்புக்கு எழுதினேன். முறை வைத்து வாராவாரம் தெரு மாறும். லீவு போட்டவர்களின் பெயரை நான் குறித்துவைத்தால் போதும். முதல் பட்டியலை நீ பிரின்ட் எடுத்துப்போய் ஷெட் சுவரில் ஒட்டினாய். "என் தங்கச்சி எழுதுனது, எவளாவது வாயத் தொறந்தா அவ கிட்டப் போயிப் பேசுங்க" என்றாயாம். உன் கூட்டாளி செல்வியக்கா சொல்லிச் சிரித்தாள்.

அதிலும் தப்பு. லீவு போட்டுத் திரும்பியவர்களை என் புரோகிராம் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டது. அடிக்கடி லீவு போட்டவர்களுக்கு மீன் சந்து வரவே இல்லை. லீவே போடாத ஒருத்தி திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றாள். ஒன்பது வாரத்தில் நாலு வாரம் உனக்கே மீன் சந்து. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்வியக்காதான் என்னை வழியில் நிறுத்தி, "உனக்கும் உங்க அக்காவுக்கும் ஏதாவது வழக்கா, சண்டையா மோளே?" என்று கேட்டாள். எனக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன், ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா நீ அழுவே. பின்னே, நஷ்டமும் ஒண்ணும் இல்லடீ. மீன் வாடைக்கு பஸ்ஸுல யாரும் பக்கத்துல ஒக்காரல. ஒரு சீட்டு பூரா எனக்கு."

அன்றைக்கே திருத்தினேன். மீன் சந்து விழுந்த வாரம் லீவு போட்டால் இனித் தப்பிக்க முடியாது, ஒரு நாள் விட்டாலும் முறை தீராது, திரும்பி வரும்வரை அது காத்திருக்கும். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டு எவ்வளவு பெருமைப்பட்டேன்! நீயும்தான். "தப்பக் கண்டுபுடிச்சுத் திருத்துற பாரு, அதான் ஜோலி. மத்ததெல்லாம் தள்ளு" என்றாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மீன் சந்து வந்தது. புதன்கிழமை காலை உன் உடம்பு கொதித்தது, கண் சிவந்திருந்தது. லீவு போடு என்றேன். நீ கோட்டை மாட்டிக்கொண்டே சிரித்தாய்.

"இன்னிக்கு லீவு போட்டா அடுத்த வாரமும் எனக்குத்தான் மீன் சந்து. நீதானடீ எழுதி வெச்சே!"

புதன் போனாய். வியாழனும் போனாய். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். அடுத்த ஐந்து நாளை நான் எழுதப்போவதில்லை.

எந்தத் தண்ணீரில் தொற்றியது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்றும் சொன்னார், பிறகு நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு நாளும் என் ஒரு வரியில் இருக்கிறது அக்கா. நான் எழுதியவற்றில் ஒழுங்காக ஓடியது அந்த ஒரு வரிதான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. செல்வியக்காவிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், திட்டக்கூட ஆளில்லாத இடத்தில் இருந்துகொண்டு.

அதனால்தான் அந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை. மற்றவர்களின் லீவைக்கூட இப்போது என்னிடம் யாரும் சொல்வதில்லை. பட்டியல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை, ஃபாரத்தில் சூப்பர்வைசரின் கையெழுத்து வாங்க ஷெட்டுக்குப் போனேன். வழியில் மீன் சந்தில் செல்வியக்கா கூட்டிக்கொண்டிருந்தாள். பட்டியலில் அவளுக்குப் பஜார் ரோடு.

"இது எங்க அக்காவோட தெருவாச்சே?" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆமா, அவ தெருதான். வாரம் ஒருத்தியா அவளுக்குச் சேத்துக் கூட்டுறோம். இந்த வாரம் என் முறை."

"நாலு மாசமாவா? பேர எடுக்கச் சொல்லி எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"எப்படி மோளே சொல்லுறது? உனக்கு எப்ப எடுக்கத் தோணுதோ அப்ப எடுக்கட்டும்னு விட்டுட்டோம்."

அங்கேயே, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். ஒரு மீன்காரச் சேட்டன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் தேவராவில் இன்டர்வியூ. பேக்கரிக்கு மேலே ஒரு சின்ன கம்பெனி. கண்ணாடி போட்ட ஒரு சேச்சி கேட்டாள், நிஜமான மனுஷர்கள் உபயோகிக்கிற எதையாவது நீ எழுதியிருக்கிறாயா, அதில் தப்பு வந்ததா என்று. ஆன்லைன் கடையை எடுத்து விடத்தான் வாயைத் திறந்தேன். குரல் மூக்குக்கு ஏறியது எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டுப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். கடைசிக்குப் போன பெயர்கள், ஒன்பது வாரத்தில் நாலு வாரம், திருத்திய வரி. உன் காய்ச்சலைச் சொல்லவில்லை. அவள் கேட்டாள்: "லீவு எடுத்தவர் ஏன் எடுத்தார் என்று உங்கள் புரோகிராம் கேட்குமா?"

கேட்காது என்றேன். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை என்றேன். பஸ்ஸில் பாலம் தாண்டும்வரை அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

இன்று காலை மெயில் வந்தது. பேசியது பிடித்திருந்ததாம், ஆனாலும் அனுபவமுள்ள ஒருவரை எடுத்துவிட்டார்களாம். போகட்டும். இத்தனை மெயிலில் இது ஒன்றைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

மத்தியானம் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கையை ஒடிப்பேன் என்றாயே, வந்து ஒடி. அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறது, வாடகை இருக்கிறது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேலைக்கான ஆர்டர் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை எழுதிப் போட்டுக்கொண்டே இருப்பேன். ஆர்டர் வந்து கோட்டு மாட்டினாலும், இரண்டு மணிக்கு வந்து குளித்துவிட்டு எழுதிப் போடுவேன். ஆன்லைன் கடையை என் பேப்பரிலிருந்து அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது உங்கள் ஷெட்டுப் பட்டியல் இருக்கிறது, செய்த தப்போடு சேர்த்து. இனி இன்டர்வியூவில் தள்ளமாட்டேன் அக்கா. வேலை கிடைக்கிறதோ இல்லையோ, அது உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

கையெழுத்துப் போட்ட கையோடு அந்த ஃபைலைத் திறந்தேன். முதலில் அந்த ஒரு வரியை மாற்றினேன். இனி லீவு என்று குறித்தால் என்ன லீவு என்று கேட்கும். காய்ச்சல் என்றால் முறை காத்திருக்காது, அந்த வாரம் தீர்ந்ததாகவே ஆகிவிடும். யார் காய்ச்சலோடு எழுந்தாலும் படுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏழாவது வரிக்கு வந்தேன். அழிக்கத்தான் நினைத்தேன். விரல் போகவில்லை. என் பெயரைச் சேர்க்கும் நாள் வந்தால் உன் பெயருக்கு மேல் எழுதமாட்டேன், கீழே பதினொன்றாவதாகத்தான் சேர்ப்பேன். பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாய், உன் பெயருக்கு எதிரே ஒரு நாள் லீவுகூட இல்லை. இன்றைக்கு நான் போட்டேன். என்ன லீவு என்று கேட்டது, காய்ச்சல் என்று அடித்தேன். எத்தனை நாள் என்று கேட்டது. அந்த இடத்தைக் காலியாக விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஏழாவது வரியில் உன் பெயர், எதிரே தெரு இல்லை.

ஓடுச்சு அக்கா.