முதலெழுத்து

வேலணை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள வாகீசனுக்கு,

நீரும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். மனைவிக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது அரிசியில் கிடக்கும் கல்லும் தெரிகிறதாம், என் சட்டைக் கழுத்தில் இருக்கும் அழுக்கும் தெரிகிறதாம். கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் வேளைக்கே உவர்த்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது.

தொலைபேசியில் சொல்லக்கூடாதா, ஏன் கடிதம் என்று யோசிப்பீர். மூன்று தரம் உமக்கு எடுத்தேன். மூன்று தரமும் வெயிலைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் வழியில் நிறுத்த ஏலாது என்றுதான் கடுதாசியை எடுத்தேன்.

போன மாதம் நீர் அனுப்பிய படத்தில் உம்முடைய மகள் தனுசியா வகுப்பின் முன்னால் நின்று தன் பூட்டனாரின் பதக்கத்தைக் காட்டிப் பேசுகிறாள். பிள்ளையின் முகத்தில் எவ்வளவு பெருமை. அந்தப் படம் வருவதற்குப் பத்து நாள் முன்னரே எனக்கு உண்மை தெரிந்திருந்தது. அந்தப் பதக்கம் உம்முடைய அப்பப்பாவுடையது அல்ல, வாகீசன். அது நாரந்தனையில் இருக்கும் யோகம்மா என்ற அம்மாவின் தகப்பனாருடையது. பிழை முழுவதும் என்னுடையது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். தீவுப் பகுதி ஆட்கள் பெற்ற பதக்கங்களை நான் தேடிச் சேர்ப்பது உமக்குத் தெரியும். எங்களோடு படிப்பித்த சில்வெஸ்ரர் மாஸ்ரர் பினாங்கில் மகளோடு இருக்கப் போனபோது, அங்கே ஒரு பழைய சாமான் கடையில் இந்தப் பதக்கத்தைக் கண்டு எனக்கு அனுப்பினார். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு காட்டுச் சண்டை நடந்த காலத்தில் பொலிஸ்காரருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கம். விளிம்பில் ஓர் இலக்கம், 8841. அதன் பின்னால் ஆங்கிலத்தில் எஸ். கதிர்காமு என்ற பெயர். பெட்டியின் உள்மூடியில் யாரோ பென்சிலால் ஊர்காவற்றுறை, இலங்கை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் மலாயாவில் இருந்த தீவார் எல்லோருக்கும் விலாசம் ஊர்காவற்றுறைதான்.

எஸ். கதிர்காமு என்றால் யார்? எனக்கு அது ஒரு நிமிட வேலையாக இருந்தது. மடத்துவெளியில் உம்முடைய அப்பப்பா, சுப்பிரமணியம் கதிர்காமு. மலாயாவில் பதினெட்டு வருடம் இருந்தவர். வேறு யார் வேண்டும்? உம்முடைய ஐயா அப்போதே ஒரு சொல் சொன்னார். "மாஸ்ரர், அப்பு தோட்டத்திலை கணக்கெழுதிற கிறாணியாய் இருந்தவர். துவக்குப் பிடிச்சதாய் ஒரு நாளும் சொல்லேல்லை." நான் என்ன சொன்னேன் தெரியுமா? சண்டையில் நின்றவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள், அதுவே ஒரு சாட்சி என்றேன். அவர் நல்ல மனிதர், நம்பிவிட்டார். நீர் லண்டனிலிருந்து வந்தீர். பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்து, மாலை போட்டு, பதக்கத்தை உம்முடைய கையில் கொடுத்தோம். பதின்மூன்று வருடமாகிறது.

அந்தக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது யோகம்மா அக்கா என்னிடம் வந்தார். நீர் அப்போது வெளியே படம் எடுத்துக்கொண்டு நின்றீர்.

அவருடைய கதையை இங்கே சொல்லவேண்டும். அவர் பிறந்து மூன்றாம் மாதம் தகப்பன் சிவபாதம் மலாயாவுக்குப் போனவர். மூன்று வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. மலாயாவில் வேறு குடும்பம் என்று ஊர் தீர்த்துவிட்டது. தாய் செல்லாச்சியம்மா வீட்டில் இருந்த கணவரின் ஒரே படத்தை அடுப்பில் போட்டவர். ஆனால் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. செத்தவர் என்று யாரும் சொல்லவில்லையே. கோயில் வீதியில் அவர் போனால், மலாயாக்காரி சந்தனப் பொட்டோடு யாரைப் பார்க்கப் போகிறா என்று பெண்கள் கேட்பார்களாம்.

யோகம்மா அக்கா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "மாஸ்ரர், என்ர ஐயான்ர பேர் சிவபாதம். அவற்ர தேப்பன்ர பேர் கதிர்காமு. ரெண்டும் அந்த மெடலிலை இருக்கெல்லோ. அது என்ர ஐயாவாய் இருக்கக் கூடாதோ?"

நான் அவரை ஒரு கதிரையில் இருத்தினேன். கோபிக்கவில்லை, வாகீசன், அதுதான் இப்போது என்னைச் சுடுகிறது. கோபித்திருந்தால் அவர் என்னை நம்பியிருக்கமாட்டார். மிகவும் பொறுமையாக, வெண்கட்டி எடுத்துக் கரும்பலகையில் வே. நாகமுத்து என்று என் பெயரை எழுதிக் காட்டினேன். முதலெழுத்து தகப்பன், வேலாயுதம். கடைசியில் நிற்பது பிள்ளை, நாகமுத்து. அதேபோல எஸ். கதிர்காமு என்றால் கதிர்காமுதான் பதக்கம் பெற்றவர், எஸ் அவருடைய தகப்பன். உங்கள் ஐயா என்றால் கே. சிவபாதம் என்றல்லவா இருக்கும் என்றேன். இன்னும் இரண்டு உதாரணமும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஓம், விளங்குது மாஸ்ரர்" என்று எழும்பிப் போனார். வெளியே தாய் ஆட்டோவில் காத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். எண்பத்து நாலு வயது. அந்தப் பதிலைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

எங்கள் ஊரில் பெயர் எழுதும் ஒழுங்கு அதுதான். வெள்ளைக்காரனுக்கு அப்படியல்ல. அவனுக்குக் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர், முன்னால் நிற்பதுதான் ஆள். கதிர்காமுவின் மகன் சிவபாதம் என்று சொன்னால், மலாயாவில் இருந்த எழுதுவினைஞன் கதிர்காமுவைக் கடைசியில் வைத்து, சிவபாதத்தை ஓர் எழுத்தாகக் குறுக்கிவிட்டான். இதற்கு உதாரணம் தேடி நான் எங்கேயும் போயிருக்கத் தேவையில்லை. லண்டனில் வைத்தியரிடம் போனால் உம்முடைய ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் உம்மைக் கூப்பிடுகிறார்கள், முதல் தரம் ஐயாவைத் தேடித் திரும்பிப் பார்த்தேன் என்று நீர் எழுதிய கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. வாசித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

பதக்கம் தேடும் எவருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது, பெயரை நம்பாதே, இலக்கத்தைப் பார் என்பது. பெயர் பலருக்கு இருக்கும், இலக்கம் ஒருவருக்குத்தான். இந்த ஒரு பதக்கத்தில் நான் இலக்கத்தைத் தேடவில்லை. பெயர் அவ்வளவு சுலபமாக வாசிக்க முடிந்தது. இந்தச் சித்திரையில் சில்வெஸ்ரர் மாஸ்ரர் வேறு ஒருவரைத் தேடி, அக்காலத்தில் இறந்த பொலிஸ்காரரின் பட்டியல் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். அதில் 8841 இருந்தது. சிவபாதம், தகப்பன் கதிர்காமு, ஊர் நாரந்தனை. 1951ஆம் ஆண்டு, தோட்டத்து வீதியில் லொறியை மறித்துச் சுட்டதில் இறந்தவர். வயது இருபத்தாறு.

கடிதம் நின்ற வருடம் அது. சாவுச் செய்தி எஸ். கதிர்காமு, ஊர்காவற்றுறை என்று வந்திருந்தால் எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்?

போன கிழமை நாரந்தனைக்குப் போனேன். யோகம்மா அக்கா முற்றத்தில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலின் படத்தைக் காட்டி, நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் கை துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "அப்ப அவர் எங்களை விட்டிட்டுப் போகேல்லை" என்றார். பிறகு, "அம்மாவும் நானும் பேசாத பேச்சில்லை மாஸ்ரர். சாகிற அண்டைக்கும் அம்மா அவரைத் திட்டினவ" என்றார். செல்லாச்சியம்மா அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தவர். அன்றைக்கு நான் சரியாகச் சொல்லியிருந்தால் பொட்டை அழித்திருப்பார், அழுதிருப்பார். ஆனால் விடப்பட்டவள் என்ற பெயரும் அதோடு அழிந்திருக்கும். இதை யாரிடம் போய்த் திருத்துவது?

நான் எழும்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "நீங்கள் அண்டைக்குப் படிப்பிச்சது எனக்கு இன்னும் பாடம். முதலெழுத்து தேப்பன், கடைசிப் பேர் பிள்ளை. பேரப்பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்தனான்." குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒடியலைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆடி அமாவாசைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள். யோகம்மா அக்காவுக்கு எழுபத்தேழு வயது, இதுவரை ஒரு வருடமும் பிடித்ததில்லை. உயிரோடு எங்கோ இருக்கும் ஒருவருக்கு எப்படிப் பிடிப்பது என்று விட்டுவிட்டாராம். இந்த வருடம் பிடிக்கப்போகிறார். விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் எங்கே கிடைக்கும் என்று என்னிடம்தான் விசாரித்தார். படைக்கும்போது முன்னால் வைப்பதற்கு ஒரு படம் இல்லை. உலகத்தில் அவருடைய தகப்பனின் பெயர் பொறித்துக் கிடக்கும் ஒரே பொருள் உம்முடைய வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

அவர் அதைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன் என்றதும் தடுத்தார். "சபையிலை குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது வடிவில்லை. அந்தப் பிள்ளையும் பாவம்" என்றார். அவருடைய சொல்லை மீறித்தான் எழுதுகிறேன்.

நீர் மறுத்தாலும் உம்மில் எனக்கு வருத்தம் வராது. உம்முடைய அப்பப்பா பதினெட்டு வருடம் தோட்டத்தில் கணக்கெழுதி ஐந்து சகோதரிகளைக் கரைசேர்த்தவர். அதற்கு எந்த அரசரும் பதக்கம் அடிக்கவில்லை. தனுசியாவிடம் இதைச் சொல்லும். அவள் வகுப்பில் சொன்னது பொய் அல்ல, ஒரு வாத்தியார் பிழையாகச் சொல்லிக்கொடுத்த பாடம் என்றும் சொல்லும். என் பெயரையும் சொல்லலாம். கூட்டத்தைப் பற்றி எழுதிய பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன்.

அனுப்ப மனம் வந்தால் எனக்கு அனுப்பவேண்டாம். அதை இன்னொரு தரம் கையில் எடுக்கும் உரிமை எனக்கில்லை. நேரே அவருக்கே அனுப்பும். ஊரில் அவரைக் கணவரின் பெயரோடுதான் தெரியும், ஆனால் பொதியின் மேல் சிவபாதம் யோகம்மா, நாரந்தனை, ஊர்காவற்றுறை என்று எழுதும். அந்தப் பெயருக்குப் பொதி வந்தால் எந்த வீடு என்று தபால்காரர் நிமலனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று, வாகீசன். தகப்பனின் பெயரைச் சுருக்கவேண்டாம். இடம் காணாவிட்டாலும் முழுவதாக எழுதும்.

நீரும் பிள்ளையும் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க நயினை அம்மாளை வேண்டுகிறேன்.

உம்முடைய பதிலுக்காகக் காத்திருக்கும்,
வேலாயுதம் நாகமுத்து