மூன்றாவது வார்த்தை என்ன, மதினி?

என் புஷ்பம் மதினிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கை இன்னும் போனைத் தேடுகிறது.

அல்லிநகரத்திலிருந்து நீங்கள் மூன்று வார்த்தை சொல்வீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. மூன்றையும் வைத்துப் பதினைந்து நிமிடத்தில் நான் ஒரு கதை எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். மறுநாள் உங்கள் முறை. வெண்டைக்காய், தாசில்தார், ரயில் என்றீர்கள் ஒருநாள். தாசில்தாரை வெண்டைக்காய் மூட்டைமேல் உட்காரவைத்து ரயிலில் போடிக்கு அனுப்பினேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறிவிட்டது.

கடைசியாகக் கொடுத்ததை நான் எழுதவில்லை. தோட்டத்தில் திராட்சை வெட்டு, ஆட்கள் காத்திருந்தார்கள். நாளைக்கு எழுதுகிறேன் என்றேன். "சரித்தா, வேலையப் பாரு" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாக ஏன் சொல்லவில்லை? கொக்கு, சாவி... மூன்றாவது என்ன மதினி? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

தனியாக ஆடிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பேப்பரில் விரல் வைப்பேன். பிடிக்காத வார்த்தை வந்தால் விரலை நகர்த்திவிடுவேன். கேட்க ஆளில்லாத அழுகுணி ஆட்டம். விட்டுவிட்டேன்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். நம் விளையாட்டைக் கிறுக்குத்தனம் என்று சொன்ன அதே அண்ணன்தான். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, "செல்வி, நான் மூணு வார்த்தை சொல்லவா?" என்றார்.

முருங்கைக்காய், மாத்திரை டப்பா, நீலச் சேலை.

சம்பந்தமில்லாதவை என்றுதான் நினைத்திருக்கிறார். மூன்றும் நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை.

கதையில் நீங்கள் வந்துவிடாமல் இருக்க என்னவெல்லாமோ செய்தேன். சேலையை யாருக்கோ தொட்டில் கட்டக் கொடுத்தேன். டப்பாவில் பொத்தான்களைப் போட்டேன். படித்து முடித்தேன்.

"அண்ணே, இருக்கீகளா?"

"அவ இதவிட நல்லா எழுதியிருப்பா."

"ஆமாண்ணே."

போனை வைப்பதற்கு முன்னால், "நாளைக்கு நீ குடு. நான் எழுதிப் பாக்குறேன்" என்றார்.

கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பேனா எடுக்கிற மனிதர். கப்பல், பனிக்கட்டி, மத்தளம் என்று கொடுத்தேன். நாலே வரி எழுதியிருந்தார். முதல் வரியிலேயே நீங்கள் கப்பலில் ஏறிவிட்டீர்கள். அவர் கரையில் நிற்கிறார்.

தினமும் அவருக்கு வார்த்தை கொடுப்பேன் மதினி. உங்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாததாகத் தேடித் தேடிக் கொடுப்பேன். அவர் எப்படியும் உங்களிடம்தான் வந்து சேருவார். அழுகுணி ஆட்டம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து,
உங்கள் நாத்தனார் செல்வி