ஏப்ரல் முப்பத்தொன்று

மார்ச் 3, செவ்வாய்

கடைசியில் அந்த வேலை என் தலையில்தான் விடிந்தது. கடிகாரச் சிப்பின் டிரைவர் தேதியை எப்படிக் கையாள்கிறது என்று ஆவணம் எழுத வேண்டுமாம். மின்சாரம் போனாலும் பொத்தான் பேட்டரியில் நாளை எண்ணிக்கொண்டே இருக்கும் சிப் அது. அதற்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவே தூது போகும் நிரல்தான் டிரைவர். அதை எழுதியவர் மூன்றாவது மேசைக்காரர். எதையும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் ஆபீசில் அவர் பெயரே பூஜ்ஜியம். அவரிடம் விளக்கம் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

மார்ச் 5

நான்கால் வகுபடும் வருடமெல்லாம் லீப் வருடம் என்று சிப் நம்புகிறது. 2100 அப்படி இல்லையே என்றேன். "அப்ப நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்" என்றார். இதை ஆவணத்தில் எப்படி எழுதுவது? கிழமையையும் சிப் கணக்குப் போடுவதில்லை. செவ்வாயை வெள்ளி என்று சொல்லிக்கொடுத்தால் மறுநாளைச் சனி என்று சாதிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தேதியைப் பற்றி இருபது பக்கமா, காலண்டர் கிழிக்கத் தெரிந்தால் போதாதா என்றார்.

மார்ச் 6

மாதத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பூஜ்ஜியத்திடம் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "வழக்கம்போலதான்" என்றார். ஏழாம் பக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன்: மாதத்தை வழக்கம்போல எண்ணாகத் தரவும்.

மார்ச் 13

பூஜ்ஜியம் ஆவணத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விட்டது சனி.

ஏப்ரல் 9

என் ஆவணத்தைப் பார்த்து வேறொரு கம்பெனி டிரைவருக்கு மேலே ஓடும் மேல்நிரலை எழுதி, எங்கள் மருந்துப் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. தேதிக்கு ஒரு மூடி. அந்தந்த நாள் காலையில் தானாகத் திறக்கும். கையேட்டில் என் பெயர் எங்கும் இல்லை. இருந்தால்தான் ஆச்சரியம்.

மே 4, திங்கள்

வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் மூடியே திறக்கவில்லை. பெட்டி காட்டிய தேதி ஏப்ரல் 31. அந்தத் தேதிக்கு ஏது மூடி? இதய நோய்க்காரரான பெரியவர் மாத்திரை இல்லாமல் மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறார். அவருடைய மகள் போன் செய்ததற்கு நம் ஆட்கள், "ஏப்ரல்ல ஏதுங்க முப்பத்தொண்ணு, சரியா பாத்துச் சொல்லுங்க" என்றார்களாம். சரியாகப் பார்த்ததால்தானே சொல்கிறார்! மாலைக்குள் இன்னும் நாற்பது புகார். டிரைவர்தான் காரணம் என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். பூஜ்ஜியம் வாயைத் திறக்கவில்லை.

மே 6

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நிரலை வரிவரியாகப் படித்தேன். டிரைவரில் ஜனவரி பூஜ்ஜியம், ஏப்ரல் மூன்று. அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கமாம். மேல்நிரல்காரர்கள் ஏப்ரலுக்கு நான்கு கொடுத்திருக்கிறார்கள். சிப் அதை மே என்று எடுத்துக்கொண்டு முப்பத்தொரு நாள் எண்ணியிருக்கிறது. திரும்பக் கேட்டாலும் அதே நான்கு வருவதால் சோதனையில் யாருக்கும் தெரியவில்லை. கொடுத்தவர் மேலும் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. நடுவில் ஒரு வார்த்தை. நான் எழுதியது.

யாரோட வழக்கம்னு ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? ஜனவரின்னா ஒண்ணுதானேன்னு — கேக்கவே தோணலையே எனக்கு — அந்த மனுஷன் செத்திருந்தா?

மே 7

பூஜ்ஜியத்திடம் ராஜினாமாக் கடிதம் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஏழாம் பக்கத்தை அவரிடம் காட்டினேன். திங்கட்கிழமையே பார்த்துவிட்டாராம். பின்னே ஏன் பேசவில்லை?

"நான் சொன்னதத்தானே நீங்க எழுதினீங்க. படிக்காம கையெழுத்து போட்டதும் நான்தான்."

பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தியாகத்தை யார் கேட்டது? அன்றைக்கு ஒரே ஒரு முழு வாக்கியம் பேசியிருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்குமா?

மே 8

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகள் இப்போது ஒரு நாள் பின்தங்கியிருக்கின்றன, ஆனால் சிப் இந்த மாதத்தை ஜூன் என்று நினைத்து முப்பது நாள்தான் எண்ணும், அதனால் ஜூன் ஒன்றாம் தேதி எல்லாப் பெட்டிகளிலும் தேதி தானாகச் சரியாகிவிடும் என்று விளக்கியதுதான் தாமதம், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தானா சரியாயிடும்னா விடுங்களேன். அவரும் போறாரு, தப்பும் போச்சுன்னு எழுதி முடிச்சிடலாம்."

ஜூலை ஒன்றாம் தேதி எல்லாப் பெட்டிகளும் ஜூன் 31 என்று காட்டும், அன்றைக்கும் மூடி திறக்காது என்றேன். ஜூலையை ஜூலையில் பார்த்துக்கொள்ளலாமாம். செவிடன் காதில் சங்கு.

மே 11

விற்பனைப் பட்டியலை எடுத்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் மேல்நிரல் கம்பெனிக்கும் நானே அறிவிப்பு அனுப்பினேன். பிழை டிரைவரில் இல்லை, ஆவணத்தில், எழுதியது நான், ஜூலைக்குள் பெட்டியைத் திருத்திக்கொள்ளுங்கள். கீழே என் பெயரும் கைபேசி எண்ணும்.

மே 12

பூஜ்ஜியத்தின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கொடுத்தேன்.

ஜூன் 16

வேலைதான் இல்லை, போன் ஓய்ந்தபாடில்லை. திருத்துகிற ஆட்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எப்போது வருவார்கள் என்று பெட்டி வாங்கியவர்கள் என்னைக் கேட்கிறார்கள். பெட்டியில் எறும்பு ஏறினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். நடுவில் பூஜ்ஜியம் அழைத்தார். ஆவணத்தை அவரே திரும்ப எழுதுகிறாராம், பன்னிரண்டு மாதத்துக்கும் எண் போட்டிருக்கிறாராம், படித்துப் பார்க்க முடியுமா என்றார். சம்பளம் யார் தருவார்கள் என்று கேட்டேன். இருந்தாலும் படித்தேன். நாலு பிழை.

ஜூலை 1, புதன்

ஏழு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எட்டு மணிக்கு அந்தப் பெரியவரின் மகள் அழைத்தார்.

"மூடி திறந்திருச்சுங்க. ஜூலை ஒண்ணுன்னுதான் காட்டுது. அப்பாதான் பொட்டிய நம்ப மாட்டேங்கிறார். அந்தம்மாகிட்ட கேளு, அவங்க சொன்னா போட்டுக்கிறேங்கிறார்."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "ஆமாங்கய்யா, இன்னிக்கு ஒண்ணாந் தேதிதான்" என்றேன்.

சற்றுப் பொறுத்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.