ஐந்தாம் நம்பர் ரூட்டில் உன் அம்மா

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியமாக இருக்கிறேன். உன் அம்மா என்னைவிட ரொம்பவே சௌக்கியமாக இருக்கிறாள், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துக்கொண்டு அவள் பேசுவாள், நான் நடுவில் புகுந்து சாப்பிட்டியாம்மா என்று கேட்பேன், அதோடு என் முறை முடிந்தது. நடந்ததையெல்லாம் அவள் உனக்கு இரண்டு நிமிடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்திருப்பாள். நான் முழுசாகச் சொல்கிறேன், கேள்.

முதல் குற்றவாளி நீதான். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள், ஓய்வு பெற்ற பிறகாவது ஒரு இடத்தில் உட்காருவாள் என்று நான் நினைத்திருந்தேன். நீ பிறந்தநாளுக்கென்று ஒரு சைக்கிளை அனுப்பி வைத்தாய். அதுவும் எப்படிப்பட்ட சைக்கிள், கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு கூட இல்லை, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். ஒரு பை காய்கறி வாங்கிக் கட்டிக்கொண்டு வர முடியாத சைக்கிள் எதற்கு என்று கேட்டால், இது சாமான் தூக்க இல்லைங்க, ரோட்டுல ஓட்ட என்றாள், என்னவோ ரோட்டை நான் பார்க்காதவன் மாதிரி. அதோடு விட்டாளா, சைக்கிள் கிளப்பில் சேர்ந்தாள். உன் அம்மாவையும் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட அந்தக் கிளப்புக்குத் தலைவர் யார் தெரியுமா, என் கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கினாரே, அந்தப் பல் டாக்டர். உடம்போடு ஒட்டின துணியைப் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்த கிளிகள் மாதிரி எட்டுப் பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வாசலில் வந்து நிற்பார்கள். நான் ஜன்னல் திரையைப் போட்டுவிடுவேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டதற்கு, அவங்க என்ன நினைக்கறாங்கன்னு எனக்குக் கேக்காதுங்க, காத்து அடிக்கும் என்றாள்.

பல் டாக்டர் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பச்சை அட்டை, உள்ளே ஏரியையும் காட்டையும் சுற்றி ஐந்து ரூட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கோடு. முதல் ரூட் சுலபமாம், குடும்பத்தோடு போகலாமாம். இரண்டாவதில் மதகுப் பக்கம் நல்ல நிழலாம். ஐந்தாம் நம்பர்தான் முழுச் சுற்று, தொண்ணூற்று நாலு கிலோமீட்டர், மொத்த ஏற்றம் எண்ணூறு மீட்டர் என்று போட்டிருக்கிறது. ஏற்றத்தை யாராவது மீட்டரில் அளப்பார்களா. எந்த இடத்தில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும், எங்கே முதல் கியர் போட்டாலும் வண்டி முனகும், அதுதானே ஏற்றம். இருபத்தெட்டு வருஷம் அந்த ஏரியைச் சுற்றி நாளைக்கு மூன்று ட்ரிப் பஸ் ஓட்டினவன் நான். ரூட் என்கிற வார்த்தையே எங்கள் டிப்போவுக்குச் சொந்தம். வாயைத் திற, மூடு என்று சொல்லிப் பிழைக்கிற மனுஷன் ரூட் புத்தகம் போடுகிறார், அதை நம்பி எட்டுப் பேர் போகிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணில் அழுத்தம் வந்து லைசென்ஸ் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டதல்லவா, ஓரத்தில் இருப்பது தெரியாதே தவிர மூளையில் இருப்பதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு ஐந்தாம் நம்பர் ரூட் போவதாக முடிவாயிற்று. முந்தின நாள் முழுக்க மழை. சாயங்காலம் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மரம் அறுக்கிற மில்லுக்குக் கீழே இறக்கத்தில் இரண்டாவது வளைவு இருக்கிறது, மழை பெய்த மறுநாள் மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடும், அடியில் பாசி, பஸ்ஸே அங்கே வாலை ஆட்டும், இந்த விரல் தடிமன் டயரை வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாகப் போ என்று சொன்னேன். புத்தகத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தேன். சரிங்க என்றாள். அவள் சரிங்க என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், போதும் நிறுத்துங்கள் என்று அர்த்தம். நானும் கோபத்தில், விழுந்து கால் உடைஞ்சா என்கிட்ட வராதே, உன் பல் டாக்டர்கிட்டயே போய் கட்டுப் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, காலையில் அவர்கள் கிளம்பின பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என்னோடு பதினாறு வருஷம் பஸ்ஸில் வேலை பார்த்தாரே, அந்தக் கண்டக்டரிடம் இப்போது ஒரு பழைய வேன் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு பம்பிங் ஸ்டேஷன் வளைவுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னேன். இறக்கமெல்லாம் முடிந்து ரோடு சமதரைக்கு வருகிற இடம் அது. எப்படியும் பதினோரு மணிக்குள் அங்கே வந்துவிடுவார்கள், தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் கண்ணில் படாமல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அதனால் அவளிடம் சொல்லவில்லை. கண்டக்டர் வேன் ஓட்டுகிற அழகைப் பற்றி நான் எழுத வேண்டாம். டிக்கெட் கிழிக்கிறவன் கிளட்சை மிதித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பதினோரு மணி ஆயிற்று, வரவில்லை. பதினொன்றரைக்கும் வரவில்லை. அந்த இடத்தில் கண்டக்டர் போனில் ஒரு கோடு கூட சிக்னல் கிடையாது. கண்டக்டர் கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரித்தார், எனக்கு இறங்கவில்லை. எங்கேயாவது டீக்கடையில உக்காந்து அரட்டை அடிப்பாங்க சார் என்றார். அந்தக் காட்டில் டீக்கடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. ஒரு மணிக்கு, வண்டியைத் திருப்பு, மில் இறக்கத்துக்குப் போ என்றேன்.

இரண்டாவது வளைவில் கண்டக்டர் வேனைச் சட்டென்று நிறுத்தினார். என்ன என்று கேட்டேன். ரோட்டோரம் பாருங்க சார் என்றார். ஓரம்தானே எனக்குத் தெரியாது. இறங்கித் தலையை முழுசாகத் திருப்பினால், பின்னால் எரிகிற சிவப்பு விளக்கு நொறுங்கிக் கிடந்தது, பாசியில் நீளமாக வழுக்கின தடம், பக்கத்தில் ஒரு கையுறை, விரல் நுனி இல்லாத அரைக் கையுறை, கறுப்பு. கையில் எடுத்துப் பார்த்தேன். அது உன் அம்மாவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அதைப் போட்டுக்கொண்டு என் கண் முன்னால்தான் கிளம்பினாள், நான் திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கையுறை கறுப்பா நீலமா என்று கண்டக்டர் கேட்கிறார், நான் நின்று முழிக்கிறேன். அந்த நிமிடம் என் முகத்தை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

மேலே மில் வாசலில் காவலாளி இருந்தார். காலையில் ஒரு ஆள் விழுந்துட்டாங்க, எங்க மர லாரியிலதான் ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம் என்றார். ஆணா பெண்ணா என்று கேட்டேன். போர்வை போத்தியிருந்தாங்க, ஹெல்மெட் வேற, எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தாங்க, எனக்கு அடையாளம் தெரியலைங்க என்றார். அந்த உடுப்பைப் பற்றி நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன், இப்படி ஒரு நாள் அது என்னைத் திருப்பி அடிக்கும் என்று நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கண்டக்டர் கியரை நசுக்கி நசுக்கிப் போட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவசர சிகிச்சை வார்டில் மூன்றாவது கட்டிலில் தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் பல் டாக்டர். காறை எலும்பு முறிந்திருக்கிறது. மனுஷன் அடிபட்டுக் கிடக்கிறார், எனக்கோ அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம், கடவுள் மன்னிக்கட்டும். அவரே சொன்னார், உங்க வீட்டம்மா அந்த வளைவுக்கு முன்னாடியே எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்தினாங்க சார், நான்தான் புத்தகம் எழுதினவன் ஆச்சே, கேக்கல என்று. என்னை லாரியில ஏத்திவிட்டுட்டு, இனிமே இறக்கம் வேண்டாம்னு மத்த ஆறு பேரையும் வடகரைக் காட்டு ரோடு வழியா அவங்கதான் கூட்டிட்டுப் போயிருக்காங்க என்றார். வடகரையில் ரோடே கிடையாது என்றேன். இருக்கு சார், பதினெட்டாம் பக்கம் என்றார். இருபத்தெட்டு வருஷம் ஓட்டினவனுக்கு இல்லாத ரோடு பல் டாக்டருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க நினைத்தேன், கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. உன் அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் சேறு பூசின ஷூவைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கே வந்துவிட்டாளாம். வீடு பூட்டியிருக்கிறது, நான் இல்லை, வழியிலிருந்தே வீட்டுப் போனுக்குப் பதினாலு தரம் அடித்திருக்கிறாள், எடுக்க ஆள் இல்லை. பார்வை சரியில்லாத மனுஷன் தனியாக எங்கே போய் எந்த வண்டியில் அடிபட்டானோ என்று தெரு முழுக்கத் தேடியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் திட்டின திட்டு இருக்கிறதே, டிப்போவில் கூட நான் அப்படிக் கேட்டதில்லை. நான் திட்ட வைத்திருந்தது எதற்கும் இடமே கிடைக்கவில்லை. கடைசியில் பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்துக் காட்டி, இது உன்னுடையதா என்று கேட்டேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடையது சாம்பல் நிறம். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

சாப்பிடும்போது வடகரையைப் பற்றிச் சொன்னாள். தண்ணீரை ஒட்டியே ஒன்பது கிலோமீட்டர், கார் கூட நுழையாத ஒற்றை ரோடு, ஏரி முழுசும் கூடவே வருதுங்க என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த ஏரியை நான் பார்க்காததா என்றேன். பார்த்திருக்கீங்களா என்று கேட்டாள், கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். யோசித்துப் பார்த்தால், பஸ் ரோட்டிலிருந்து ஏரி தெரிவது மூன்றே இடத்தில், மூன்றும் வளைவு. வளைவில் டிரைவர் ஏரியைப் பார்த்தால் பஸ் ஏரிக்குள் இருக்கும். ஜனங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள், கண்டக்டர் கூடப் பார்ப்பார். நான் ரோட்டைப் பார்ப்பேன்.

அடுத்த வாரம் அவள் பல் டாக்டர் வீட்டிலிருந்து ஒரு இரட்டைச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல், சர்க்கஸில் இருக்க வேண்டிய சாமான். தோள் சேரும்வரை அவருக்கு வேண்டாமாம். பின்னாடி ஏறுங்க என்றாள். வண்டி என்றால் நான் முன்னால்தான் உட்காருவேன் என்றேன். சரிங்க, நீங்களே முன்னாடி ஓட்டுங்க, எதிர்ல ஓரமா மாடு வந்தா என்னைக் கூப்பிடுங்க என்றாள். பின்னால் ஏறினேன். பின் சீட்டில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. ஹேண்டில்பார் மாதிரி ஒன்று இருக்கிறது, அது திரும்பாது, குழந்தைக்குக் கொடுக்கிற பொம்மை. சீட்டோ, அதை வடிவமைத்தவனை ஒரு நாள் முழுக்க அதிலேயே உட்கார வைக்க வேண்டும். கேட் தாண்டுவதற்குள் ஒரு தரம் சாய்ந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால் பிரேக்கைத் தேடியது. வேகத்தைக் குறை, பள்ளம், ஹாரன் அடி என்று நான் சொல்லிக்கொண்டே வர, ஹாரன் இல்லைங்க, மணிதான் இருக்கு என்று அவள் மிதித்துக்கொண்டே போனாள். பள்ளம் ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றிலும் இறக்கினாள்.

வடகரைக்கு வந்தோம். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், ரோட்டில் உதிர்ந்த ஊசி இலை மெத்தை மாதிரி, சத்தமே இல்லை. எனக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும், நேரே உன் அம்மாவின் முதுகு, அந்த ஒட்டுத்துணியில் வியர்வை. ஏரி இடது பக்கம் வருதுங்க என்றாள். என் கழுத்து திரும்ப மறுத்தது. ஓடுகிற வண்டியில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று பழகின கழுத்து. நான் ரோட்டைப் பாத்துக்கறேன், நீங்க திரும்புங்க என்று இன்னொரு தரம் சொன்னாள். திரும்பினேன். கொஞ்ச தூரம் அப்படியே வந்தேன். பெடலை மிதிக்கவில்லையே, சும்மா உட்கார்ந்து வருகிறீர்களா என்று அவள் கேட்கிறவரை.

அந்தப் புத்தகத்தில் தப்பு ஏகப்பட்டது இருக்கிறது, நான் சொல்லச் சொல்ல அம்மா குறித்துக்கொண்டிருக்கிறாள், அடுத்த பதிப்பில் திருத்தப்போகிறாராம் பல் டாக்டர். பதினெட்டாம் பக்கத்தில் மட்டும் ஒன்றும் சொல்வதற்கில்லை. சரி, உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். கண் அழுத்தம் வம்சத்தில் வரக்கூடியது என்று என் கண் டாக்டர் முதல் நாளே சொன்னார், நீ பயப்படுவாய் என்று நான்தான் மறைத்துவிட்டேன். வலிக்காது, ஒரு அறிகுறியும் தெரியாது, தெரியும்போது போனது போனதுதான். உனக்கு முப்பத்தாறு ஆகிறது. இந்த மாதமே போய்ச் சோதித்துக்கொண்டு, என்ன சொன்னார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லாமல் எனக்குத் தனியாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல வழியாக அமையட்டும், நீண்ட ஆயுளோடும் தெளிவான கண்ணோடும் நன்றாக இரு. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணாதே, எடுக்க வீட்டில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
பின் சீட்டிலிருந்து,
உன் அப்பா