மடுவத்துத் தராசில் எண்பது கிலோ

மேற்பிரிவு லயம்,
பசறை.
14.09.2025, ஞாயிறு

அன்பு மகள் நிரஞ்சலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வந்து, உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லீட்ஸ் குளிரில் நீயும் அப்படியே நல்லபடியாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை போன் எடுத்தபோது ஏன்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. லயத்தில் ஒரு வீட்டில் போன் பேசினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும், இது ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பேசக்கூடிய விசயம் இல்லை, அதனால்தான் கொப்பித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் ஒரு வேலை செய். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசில் நான் தொங்குகிற படத்தை, எண்பதுக்கு வந்த என் அப்பா என்று பேஸ்புக்கில் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. ஆனால் உன் போனில் இருந்து மட்டும் அழித்துவிடாதே, அதில் தேதி இருக்கிறது, முள் நிற்கிற இடம் தெளிவாகத் தெரிகிறது, தேவைப்படலாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசி.

மார்ச் மாதம் பதுளைக் கிளினிக்கில் என்னை நிறுத்து, தொண்ணூற்றிரண்டு என்று கொப்பியில் எழுதி, சீனி ஏறியிருக்கிறது, பத்துக் கிலோவாவது இறக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதும், நீ போனில் ஒரு மணித்தியாலம் என்னை ஏசியதும் உனக்கு நினைவிருக்கும். இருபத்திரண்டு வருசம் கொழுந்து லொறியில் உட்கார்ந்தபடியே சேர்த்த வயிறு அது. நீ அனுப்பிய தட்டுப் படத்தைப் பார்த்து அம்மா ஒரு தாளில் வரைந்து அரிசி டின்னுக்கு மேலே ஒட்டினாள், பாதித் தட்டு மரக்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ மீனோ. காலையில் நாலு கோதுமை ரொட்டியும் கட்டசம்பலும் தின்றவன் ஒரு குரக்கன் ரொட்டியோடு எழும்பினேன். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவன் சீனியே இல்லாமல் குடித்தேன், முதல் கிழமை என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பசறையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மபாஸ் ஒரு பழைய கியர் சைக்கிளைத் திருத்தித் தந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓடுகிற அவருடைய கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார். பந்தயக்காரர்கள் இல்லை, ஒரு வாத்தியார், ஒரு பேங்க் தம்பி, மபாஸ், நான். அந்த இறுக்கமான கால்சட்டையை மட்டும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மே மாதம் சீக்கிரம் இளைக்கிற ஆசையில் வெறும் வயிற்றோடு தெமோதரை வரைக்கும் போய்த் திரும்பி, பதுளை தாண்டி ஏற்றத்தில் கண் இருட்டிப் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன், உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. மபாஸ் இரண்டு வாழைப்பழத்தை உரித்துக் கையில் தந்துவிட்டு நன்றாக ஏசினார். பட்டினியோடு மிதித்தால் கரைவது உடம்பில் இருக்கிற பலம்தான், ஓடுமுன் பயறு சாப்பிடுங்கள், வழியில் பழம் சாப்பிடுங்கள், வந்து முட்டையோ பருப்போ சாப்பிடுங்கள், குறைக்கவேண்டியது சீனியும் கோதுமை மாவும் என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமை பின்னேரம் ஆனால் அம்மா மறக்காமல் பாசிப்பயறு ஊறப்போடுவாள்.

எடை பார்க்கத் தோட்டத்தில் வேறு எங்கே போவது. மடுவத்தில் பெண்களின் கொழுந்தை நிறுக்கிற வட்டத் தராசுதான். நிறுத்துப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளையும் வேற்று ஆள் இல்லை, உன் சித்தப்பா விஜேந்திரன், என் கூடப்பிறந்தவன். திங்கட்கிழமை காலைக் கொழுந்து ஏற்றப் போகும்போது லொறியை நிறுத்திவிட்டு, தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கிக்கொண்டு தொங்குவேன், அவன் முள்ளைப் பார்த்துச் சொல்லுவான், பெண்களெல்லாம் சிரிப்பார்கள். முதல் கிழமையே எண்பத்தேழு. ஒரு கிழமையில் ஐந்து கிலோவா என்று மபாஸ் நம்பவில்லை, நீங்கள் நிறுத்த இடத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று சொன்னார், அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இந்த மாதம் முதலாம் தேதி எண்பது காட்டியது. விஜேந்திரன் என் முதுகில் தட்டி, அண்ணே இனி கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கலாம் என்று கேலி பண்ணி, என் போனை வாங்கி அவனே படம் எடுத்தான். அந்தப் படம்தான் உனக்கு வந்தது.

மறுநாள் செவ்வாய் கிளினிக். ஜூன் மாதக் கிளினிக்குக்கு லொறி ஓட ஆளில்லாமல் நான் போகவில்லை, அதனால் இதுதான் மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. லீவு போட்டுவிட்டு சைக்கிளிலேயே போனேன், எண்பது என்று எழுதுவதைப் பார்க்கிற ஆசை. நர்ஸ் எண்பத்துநாலு என்று எழுதினார். உங்கள் தராசு பிழை என்று நான் வாதாடினேன் மகள், நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது, செருப்பைக் கழற்றி, சேர்ட்டையும் கழற்றுகிறேன் என்றேன், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு திரும்ப நிறுத்தது, எண்பத்துநாலுதான். எட்டுக் கிலோ இறக்கியிருக்கிறீர்கள், சீனியும் நன்றாக இறங்கியிருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று டொக்டர் பாராட்டினார், என் காதில் ஏறவில்லை. பதுளை பஜாரில் ஒரு பாமசியின் தராசில் ஏறி நின்றேன், எண்பத்துநாலு. புவாத் நானாவின் அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன், அதுவும் எண்பத்துநாலு. நாலு கிலோ போய்விட்டதே என்று சின்னப் பிள்ளை மாதிரி மனம் நொந்துகொண்டுதான் வீட்டுக்கு ஏற்றத்தில் மிதித்தேன். பாதி ஏற்றத்தில்தான் அது மண்டையில் ஏறியது. அதே கொக்கியில்தானே உன் அம்மாவின் கொழுந்துச் சாக்கையும் மாட்டுகிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

ஏழாம் தேதி ஞாயிறு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கட்டுப் பிரிக்காத இருபத்தைந்து கிலோ மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போய் விஜேந்திரனை வரச்சொல்லி அவன் கண்முன்னாலேயே கொக்கியில் மாட்டினேன். முள் இருபத்துநாலைக்கூடத் தொடவில்லை. முதலில் சிரித்தான், மூட்டையில் மா குறைவாக இருக்கும் என்றான். நான் கிளினிக் கொப்பியை நீட்டியதும் முகம் கறுத்துவிட்டது. "அண்ணே, தராச நான் திருப்பல. நாலு வருசத்துக்கு முந்தி ரிப்பேருக்குப் போய் வரயிலயே ஆபீஸ்ல இருந்து இப்படித்தான் வந்துச்சு, கை வைக்காதன்னு சொன்னாங்க. இத வெளிய விட்டா எனக்கு வேல இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் என்னை ஏன்டா அதில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். உங்கள் சந்தோசத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்றான். அதுதான் மகள் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் அப்பா செத்தபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினாறு. அவன் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று நான் லொறியில் கிளீனராக ஏறினேன். அவன் ஓலெவல் பாஸ் பண்ணியதும் தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் மூன்று நாள் நின்று அந்தக் கணக்கப்பிள்ளை வேலையை வாங்கித் தந்தேன். அவன் ஆறு மாதமாக என் பசியையும் வேர்வையையும் பொய்யால் நிறுத்து, சிரித்து, படமும் பிடித்திருக்கிறான். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எடையில் வெட்டுகிற வெட்டு ஊருக்கே தெரியும், அதற்கு மேலே சாக்குக்கு ஒரு கிலோ, நாலு வருசம், உன் அம்மாவோடு சேர்த்து நாற்பது பெண்களிடம். இருபது கிலோ வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது என்று வந்து அரைப்பேர் விழுந்த நாட்களில், வாயை மூடிக்கொண்டு கொழுந்தைக் கிள்ளினால் இருபது வராதா என்று உன் அம்மாவை நானே எத்தனை தடவை பேசியிருக்கிறேன். 

ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் தேதி திங்கட்கிழமை தராசில் தொங்கவும் இல்லை, பெண்கள் ஏன் என்று கேட்டதற்கு முதுகுப் பிடிப்பு என்றேன். தம்பி என்ற பாசம் ஒரு பக்கம், லொறி வேலையும் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், உனக்குப் பொய் எழுத விரும்பவில்லை. இன்று காலையில் சைக்கிள் ஓட்டப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, விஜேந்திரனுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இப்போதைக்கு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவள் அழுவாள், இல்லாவிட்டால் விஜேந்திரனைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் மா பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து, "மூணு வருசத்துக்கு முந்தி இத நான் ஒங்ககிட்ட சொன்னேன்" என்றாள்.

சொல்லியிருக்கிறாள், மகள். மடுவத்தில் எல்லாருக்கும் முன்னால், தராசு கிலோவைத் தின்கிறது, என் கைக்கு எடை தெரியாதா என்று அவள் கேட்டதும், பேச்சைக் குறைத்துக் கையை ஓட்டு, என் தம்பி மானத்தை வாங்காதே என்று நான் கத்தியதும் அவள் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. அன்றோடு, இவரும் சேர்ந்துதான் செய்கிறார் என்று முடிவு பண்ணிவிட்டாளாம். அதே கொழுந்தைப் பேக்டரியில் திரும்ப நிறுக்கிறார்கள், கொண்டு போகிறவன் நான், மடுவத்து எடையை எழுதி விஜேந்திரன் மடித்துத் தருகிற சீட்டும் என் பைக்குள்தான் போகிறது, இரண்டையும் ஒப்பிட்டால் அன்றே தெரிந்திருக்கும். அந்தச் சீட்டை நான் பிரித்துப் பார்த்ததில்லை. ஏன் ஒருநாளாவது பிரிக்கவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டும் மூன்று வருசமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க தராசுல தொங்கிக்கிட்டு, கொறஞ்சிருச்சு கொறஞ்சிருச்சுன்னு சிரிச்சப்பதான், இவருக்கு நெசமாவே தெரியாது போலன்னு என் மனசு ஆறுச்சு. அந்தச் சந்தோசத்துலதான் ஒங்களுக்குப் பயறு ஊறப்போட்டேன். கிளினிக் கொப்பிய அன்னைக்கே எடுத்துப் பாத்தேன், எம்பத்துநாலு. பன்னெண்டு நாளா நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குத் தொறந்தீங்க, ஒங்க தம்பிக்காக." அதற்குப் பிறகு எழும்பிப் போய் ரொட்டியைச் சுட்டுத் தட்டில் வைத்தாள். பன்னிரண்டு நாளாக என்னை எல்லாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், என் வீட்டிலேயே ஒருத்தி மூன்று வருசம் அதே வலியோடு இருந்திருக்கிறாள், அதைக் கொடுத்தவன் நான்.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலைக் கொழுந்துக்கு எல்லாப் பெண்களும் மடுவத்தில் நிற்பார்கள், கிளினிக் கொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். கொக்கியில் தொங்கி, முள்ளை எல்லாரும் பார்த்த பிறகு கொப்பியைப் பிரித்து உரக்க வாசிக்கவேண்டும். மத்தியானம் விஜேந்திரன் வீட்டுக்குப் போய் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன், முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்குத் தெரியாது. அவன் எழும்பி உள்ளே போய்விட்டான், அவன் பெண்சாதி அழுதது கேட்டது. சொல்லிவிட்டேனே தவிர, நாளைக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு எழும்புமா என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நீயும் அம்மா மாதிரி அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாயா, எதுவானாலும் மறைக்காமல் எழுது. நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் பிஸ்கட்டைக் கடித்துவிட்டுப் படுக்காதே, இரண்டு முட்டையாவது அவித்துச் சாப்பிடு, குறைத்துச் சாப்பிடுவது வேறு சாப்பிடாமல் இருப்பது வேறு. நானும் சைக்கிளை விடமாட்டேன், எண்பத்துநாலிலிருந்துதான் இனி எண்ணவேண்டும். நீ நோய்நொடி இல்லாமல், யாரிடமும் ஏமாறாமல், யாரையும் ஏமாற்றாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும் தாயி. அந்தப் படத்தை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அழகர்

எப்போதும் போலக் கீழே நாலு வரி எழுதச் சொல்லி அம்மாவிடம் பேனாவை நீட்டினேன். நாளைக்கு மடுவத்துக்குப் போய்விட்டு வாருங்கள், பிறகு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமைதான் தபாலில் போடுவேன். அந்த இடம் வெறுமையாக உன் கைக்கு வந்தால், அப்பாவால் முடியவில்லை என்று தெரிந்துகொள்.