சீலன் விட்டுவைத்த வரிசை

என் சீலன் மச்சானுக்கு,

நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ, திரும்பி வரவேயில்லை. இந்த ஆவணியில் உன் ஆண்டுத்திவசம் வந்தது. ரோவிலில் நாங்கள் இருக்கிற வீட்டில் படையல் வைத்தோம். அதற்கு முதல்நாள் அப்பிள் தோட்டத்தில் நான் செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன். திட்டாமல் கேள்.

திவசத்துக்கு வீடு வாசல் கூட்டிக் கழுவுவோமே, அந்த நினைப்பில் நீ பராமரித்துவந்த கடைசி வரிசையையும் துப்புரவாக்கினேன். மரங்களுக்குக் கீழே ஒரு புல்பூண்டு மிஞ்சாமல் களைமருந்து அடித்தேன். உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேனடா!

நீ இருந்தபோது அந்த வரிசை எப்போதும் காடாகக் கிடக்கும். "பூ முடியட்டும், பிறகு அடிப்பம்" என்பாய். "உனக்கு உடம்பு வளையாது, சோம்பேறி" என்று எல்லாருக்கும் முன்னால் நக்கலடிப்பேன். நீ சிரித்துக்கொண்டே அங்கே தானாக முளைத்த ஊதாப் பூவைக் குனிந்து மணந்து, "இஞ்ச வா, சொக்லேட் மணக்குது" என்பாய். ஏன் விட்டுவைக்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

இப்போது அப்பிள் பூத்துவிட்டது. உன் வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. மண்ணுக்குள் ஓட்டை போட்டு இருக்குமே சின்னக் கறுப்புத் தேனீக்கள், அதில் ஒன்றையும் காணவில்லை. ஊதாப் பூவும் வேலியோரத்தில் ஏழெட்டுத்தான் மிச்சம்.

தேனீ ஏன் வரவில்லை என்று தோட்டத்துப் பொஸ்ஸிடம் கேட்டேன். "எல்லாம் மழையாலதான். காய் பிடிக்க வாடகைத் தேன்பெட்டி வருது, யோசிக்காத" என்று முதுகில் தட்டினார். பெட்டி கொண்டுவந்த வெள்ளைக்காரரோ, "அப்பிள் பூ ரெண்டு கிழமைதான். மற்ற நாளில அந்தச் சின்னத் தேனீயள் எதைச் சாப்பிடும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மழையா, மருந்தா, நானா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை மச்சான். நீ தெரிந்துதான் விட்டாயா, இல்லை உண்மையிலேயே சோம்பலா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

நாளைக்கு வேலியோரத்துக்கும் அடிக்கச் சொல்லியிருக்கிறார் பொஸ். நானோ பிரிட்ஜிங் விசாக்காரன், முடிவு வரும்வரைக்குத் தந்த தற்காலிக விசாதான். இந்த வேலையும் போனால் எங்கே போவேன்? பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் போய், பூ முடியட்டும், பிறகு அடிப்பம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லப்போகிறேன். அந்த ஏழெட்டுப் பூவில் என் கையால் மருந்து விழாது, சத்தியம். எல்லாருக்கும் முன்னால் என்னையும் சோம்பேறி என்று சொல்லட்டும்.

உன் மச்சான்,
குகன்