பக்கத்து சீட்டு

லூரீன்,

விவாகரத்துல வீடு, வண்டி, நாய் எல்லாத்தையும் உனக்கே விட்டேன். அலபாமா கல்லூரி ஃபுட்பாலுக்கு நாம பக்கத்துப் பக்கத்து சீட்டா வச்சிருந்த ரெண்டு சீசன் டிக்கெட்டை மட்டும் ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிட்டோம். அப்புறம் பேச்சே கிடையாது. ஆனா நம்ம டீம் பசங்க டச்டவுன் போட்டு பாயிண்ட் எடுத்தா மட்டும் கட்டிப்பிடிச்சுக்குவோம். எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

நாளைக்கு நம்ம பரம எதிரி ஆபர்ன் டீமோட மோதுறோம். உன் சீட்டை உன் புது ஆளுக்குக் கொடுத்துட்டியாமே! அதுவும் ஒரு ஆபர்ன்காரனுக்கு! “பாவம், ஆசைப்பட்டாரு. நீ கொஞ்சம் அனுசரிச்சுக்கோ”ன்னு இத்தனை நாள் கழிச்சு போன் பண்ணிச் சிரிக்கிறே.

சரி, அனுசரிச்சுக்கிறேன். ஆனா நாம டச்டவுன் போட்டதும் என் கை தானா அந்தப் பக்கம் நீளுமே, அதை என்ன பண்ண?

வாழ்க்கையிலேயே முதல் தடவையா, நாம தோத்தாத் தேவலைன்னு இருக்கு.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டுக்காரன்